பிரஷர் பார்த்த பிள்ளை

— உள்ள வாங்க ஆனந்தி சித்தி, ஏன் வாசல்லயே நிக்கிறீங்க? அம்மா தேயிலைக் கொழுந்து எடுக்கப் போயிட்டாங்களே.

— தெரியும்ட்டி யோகப்பிரியா. காலையில மஸ்டர்ல வேலைக்கு ஆளெடுக்கும்போது அவ பேரக் கூப்பிட்டாவ. எம்பேரக் கூப்பிடல. அதான் நேரா ஒன்ட்ட வந்தேன்.

— கூப்பிடலையா? ஏன் சித்தி?

— ஆபீஸ் சுவத்துல லிஸ்ட்டு ஒட்டிருக்கு. கொழுந்து எடுக்க லாயக்கில்லாதவங்கன்னு பதினோரு பேரு. மொதப் பேரு எம்பேரு. பக்கத்துல நீ எழுதுன பிரஷரு.

— நான் எழுதினதா?

— ஏட்டி, போன மாசம் டிஸ்பென்சரி மிஷினத் தூக்கிட்டு லயம் லயமா வந்தது யாரு? நானா?

— வெளிநாட்டுல டாக்டருக்குப் படிக்கணும்னா, ஆஸ்பத்திரியில டாக்டர்கூட நூறு மணி நேரம் நின்னதுக்கு சர்ட்டிபிகேட் வேணும் சித்தி. அதுக்குத்தான் காலேஜ் லீவுல போனேன். உங்களுக்கே தெரியுமே.

— தெரியாமயா? மொத நாளு ஒருத்தியும் ஒனக்குக் கைய நீட்டல கேட்டியா. வேலைக்கு ஆவமாட்டான்னு எழுதிருவாவளோன்னு கதவச் சாத்துனாளுவ. நான்தான் வீடு வீடா ஒன்கூட வந்தேன். நம்ம சித்ரா மவ, நம்ம புள்ள டாக்டராவப் போவுதுன்னு சொல்லி, மொதக் கைய நான் நீட்டுனேன்.

— மிஷின் காட்டினதத்தான் எழுதினேன். மாத்தி எழுதறது தப்பு இல்லையா?

— பக்கத்து லயத்துச் சந்தனமேரி ஒம் மூஞ்சிக்கு நேரே கேட்டா, இந்த நோட்டு ஆபீசுக்குப் போவுமான்னு. நீ என்ன சொன்ன?

— போகாதுன்னு சொன்னேன். மாத்திரை குடுக்க மட்டும்தான்னு டிஸ்பென்சரி டாக்டர் சொன்னார். என்னையும் ஏமாத்திட்டாங்க சித்தி.

— பதிமூணு வருசம் டெம்பரவரியா கெடந்தேன். வர்ற மாசம் நிரந்தரம் ஆவுதேன்னு இருந்தேன். வேலை போனா எஸ்டேட்டு குடுத்த லயத்து வீடும் போச்சு. ரெண்டு புள்ளையளக் கூட்டிட்டு நான் எங்கட்டி போவேன்?

— நான் டாக்டர்கிட்டப் பேசுறேன்.

— சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டியா?

— நேத்துதான் கையெழுத்துப் போட்டுக் குடுத்தார்.

— வாங்கிட்ட. நல்லாரு. எனக்கு வயிறு எரியுதுட்டி. வேற எவளும் செஞ்சிருந்தா இப்பிடி எரியாது கேட்டியா. ஒனக்குத் தலை பின்னி பள்ளிக்கூட ஜீப்புல ஏத்திவிட்ட கை இது. இந்தக் கையிலதான பிரஷர் பட்டையச் சுத்துன?

— அழாதீங்க சித்தி. சத்தியமா ஆபீசுக்குப் போகும்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா உங்களுக்குக் குறைச்சுப் போட்டிருக்க மாட்டேனா?

— சரி, நம்புதேன். ஒன்னே ஒன்னு சொல்லு. ஒங்கம்மாவுக்கு எவ்வளவு எழுதுன?

— நூத்தி இருபது, எண்பது. அம்மாவுக்கு நார்மல்.

— அப்ப எதுக்குட்டி, நீ அளந்த அன்னைக்குச் சாயங்காலமே அவ எங்கிட்ட ஓடியாந்து, "நூத்தி எழுவதாம் ஆனந்தி, யார்ட்டயும் மூச்சு விடாதேங்குறா எம் மவ"ன்னு சொன்னா? அன்னையிலேருந்து டிஸ்பென்சரி எனக்குக் குடுத்த மாத்திரையில பாதிய ஒடச்சு அவளுக்குத்தானட்டி குடுத்துட்டிருக்கேன்.