மஸ்கட்டிலிருந்து போடும் லைட்டு

“நேத்தும் எம் மவன் மஸ்கட்லேந்து எங்க வூட்டு வாசல் லைட்டைப் போட்டான். எரியல. எரியுதுப்பான்னு சொல்லிட்டேன்.”

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து இப்படியொரு பேச்சு வந்தால் யார்தான் தூங்குவது? முதுநகரில் ஏறிய அக்காவும் தங்கையும். சொன்னது அக்கா.

“போன லீவுல ஒயரு, சர்க்யூட் போர்டெல்லாம் வாங்கியாந்து அவனே மாட்டுனதாச்சே?” என்றாள் தங்கை.

“ஆமா. அங்க கம்ப்யூட்டர்ல தட்டுனா இங்க எரியும். மழையில போர்டுக்குள்ள தண்ணி எறங்கி, லைட்டுக்குப் போற எடம் கருகிடுச்சு. அவன் கம்ப்யூட்டர்ல மட்டும் எரியுற மாதிரியே காட்டுதாம். எலக்ட்ரீஷியன் வந்து பழையபடி சுவிட்சுல கனெக்சன் குடுத்துட்டுப் போனான். நான்தான் போடுறதில்ல. வாசலுக்கு யாரு வர்றா?”

“அதை அவன்கிட்ட சொல்லிட வேண்டியதுதானே?”

“இங்க பொழுது சாஞ்சு மஹ்ரிப் பாங்கு சொன்னதும் லைட்டைப் போட்டுட்டு, எரியுதாம்மான்னு தினம் போன் பண்றான். கெட்டுப்போச்சுன்னு சொன்னா அப்புறம் எதுக்குக் கூப்பிடுவான்?”

ஆலப்பாக்கம் தாண்டும்போது இருட்டிவிட்டது. அக்காவின் போன் அடித்தது. முன்னால் போன லாரி வழிவிடாததால் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

“எரியுதுப்பா. நல்லா எரியுது,” என்று அக்கா கத்திச் சொன்னாள். பேச்சு அவ்வளவுதான்.

தங்கை கேட்டாள், “இவ்ளோ ஹாரன் சத்தம். எங்க இருக்கேன்னு கேக்கலியா?”

அக்கா போனைப் பைக்குள் போட்டாள்.

“லைட்டைத்தான் கேட்டான்.”