சீர்வரிசையில் முதல் ஐட்டம்

— அதெல்லாம் இருக்கட்டும் ராஜையா, எனக்கு எக்ஸ்ப்ளனேஷன் வேணும். போன ஞாயித்துக்கிழமை இந்தக் காரை நீ கொண்டுவந்து விட்டப்போ, குனிஞ்சா என் மூஞ்சி தெரிஞ்சுது. இன்னிக்கு என்ன தெரியறது? சொல்லு!

— வட்ட வட்டமாக் கீறல் தெரியுது சாமி.

— எத்தனை வட்டம்?

— எண்ணல்ல.

— நான் எண்ணினேன். பானட் மேலே மாத்திரம் நூத்திப்பதினாலு. அதுக்கப்புறம் கண்ணை இருட்டிண்டு வந்துடுத்து.

— சாமி ஹஜூர் கச்சேரியில ஹெட் கிளார்க்காக்கும்னு இப்பதான் நம்புதேன்.

— நக்கலா? இருபத்தெட்டு வருஷ சர்வீஸ்லே ஒரு பியூன் என்னை எதிர்த்துப் பேசினது கிடையாது.

— நான் பியூன் இல்லல்லா. பழவங்காடியில சொந்தமா ஷெட்டு போட்டு மோட்டாருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எங்க அப்பன் காலத்துல இந்தக் கோட்டைத் தெருவுக்குள்ள எங்க ஆளு கால் வைக்க முடியாது. இப்ப ஆளு விட்டு உடனே வான்னு கூப்பிடுதீங்க. வந்தா வாசல்ல நிறுத்தித் திட்டுதீங்க. அப்பன் காலமே கொள்ளாம்னு தோணுது.

— சாயங்காலம் ஜானவாசம்டா! பிள்ளையார் கோவில்லேந்து மாப்பிள்ளையை இதுலே உக்காத்தி வச்சு, நாதஸ்வரத்தோட நாலு தெருவும் சுத்தி வரணும். ஊர் மொத்தமும் வாசல்லே நிக்கும். நின்னு எதைப் பாக்கும்? மாப்பிள்ளை மூஞ்சியையா? காரைத்தான் பாக்கும்!

— காஸ் லைட்டு உண்டா?

— இருபது சொல்லியிருக்கேன்.

— அப்ப தீந்தது. வெயில்ல நூத்திப்பதினாலுன்னா, காஸ் லைட்டு பக்கவாட்டுல அடிக்கும்போ ஆயிரம் தெரியும் பாத்துக்கிடுங்க.

— பாத்துக்கவா? நான் பாத்துக்கறதா? நீ பண்ணின வேலைக்கு நான் பாத்துக்கணுமா?

— சத்தம் போடாதீங்க சாமி. எதிர்வீட்டுல எட்டிப் பாக்குதாவ.

— ஐயையோ. யாரு? குடுமியா, கிராப்பா?

— குடுமி.

— சம்பந்தி! அந்தாத்துலேதான் அவாளை இறக்கியிருக்கோம். சிரி. அந்தப் பக்கம் பாத்துச் சிரிடா. ம். உள்ளே போயிட்டாரா?

— போயிட்டாரு.

— திருட்டுப் பயலே! என் காரைப் பாழ் பண்ணிட்டயேடா!

— இதை மெதுவாவும் திட்டலாம்னு இப்பதான் தெரியுது. செரி, சம்பந்தி பாத்தா என்ன? அவரு காரு பாத்ததில்லியா?

— அவர்கிட்டே இது புதுக் கார்னு சொல்லியிருக்கேன்.

— எதை? கல்லாறு எஸ்டேட் தொரை ஏழு வருசம் மலையில ஓட்டின வண்டியையா?

— மெதுவா!

— பாறையில இடிச்ச மட்கார்டை நானாக்கும் தட்டி நிமித்தினேன். உள்ள சீட்டுக்கு அடியில தொரையோட நாய் கடிச்ச எலும்பு கெடந்தது.

— எலும்பா? சிவ சிவா! இத்தனை நாள் ஏன் சொல்லலை?

— கேக்கல்லல்லா.

— பெயிண்ட் புதுசுதானே? நீ அடிச்சதுதானே? அந்த அர்த்தத்திலே புதுசுன்னு சொன்னேன். அது பொய் ஆகாது.

— அப்பிடிப் பாத்தா என் ஷெட்டுல பழசுன்னு ஒண்ணுமே கெடையாது.

— உனக்கென்ன, பேசிட்டுப் போயிடுவே. மாப்பிள்ளை பி.ஏ. ஆனர்ஸ். படிப்புக்குத் தகுந்தாப்போலே ஒரு புது மோட்டார்னு சம்பந்தி சீர் லிஸ்ட்லே முதல் ஐட்டமாப் போட்டார். வெள்ளிப் பாத்திரமெல்லாம் அதுக்குக் கீழேதான். இது ஏழு வருஷப் பழசுன்னு தெரிஞ்சுதோ, பையனை ஜானவாசக் கோட்டோடவே திருநெல்வேலி ரயில்லே ஏத்திடுவார். அப்புறம் என் பொண்ணை எவன் பண்ணிப்பான்?

— ஒருக்கா நெகத்தை வச்சுப் பாக்கேன். தள்ளி நில்லுங்க, நெழல் விழுது. ஆ. இஞ்ச நெகம் வழுக்கிட்டுப் போகுது. மேலாக விழுந்ததாக்கும், எடுத்துரலாம். கதவுல தடக்குது பாருங்க. இது ஆழம். இதைத் தொடக்கூடாது.

— உன் துணி போட்ட கீறலை உன் துணியாலே எடுக்க முடியாதா?

— சாமி, பைபிள் மேல ஆணையாச் சொல்லுதேன். என் துணி வட்டத்துல போகாது. நேராப் போகும், நேரா வரும். இது யாரோ தேங்கா நாரைக் கையில சுருட்டி வச்சுகிட்டு, சட்டி தேய்க்கும்போல சுத்திச் சுத்தித் தேச்சது. அந்தக் கதவு இடுக்குல மோந்து பாருங்க.

— என் வாசல்லே நின்னுண்டு நான் காரை மோந்து பாக்கணுமா?

— எக்ஸ்ப்ளனேஷன் கேட்டது நீங்களாக்கும்.

— ம். ... புளி.

— சாம்பலும் உண்டு.

— அனந்தம்! அனந்தலக்ஷ்மி! உடனே வாசலுக்கு வா!

— என்னப்பா? கையெல்லாம் மருதாணி. கல்யாணப் பொண்ணு வாசலுக்கு வரக் கூடாதுன்னு காலம்பறதானே சொன்னேள்?

— காரை யாருடி தேய்ச்சா?

— அம்மாதான். நானும் பாத்திரம் தேய்க்கற பொன்னம்மையும் கூட இருந்தோம்.

— எதுக்கு?

— சீர் ஜாமான் அத்தனையையும் தேய்ச்சுப் பளபளன்னு வையுங்கோன்னு நீங்கதானே அப்பா லிஸ்டைக் கொடுத்தேள்? அண்டா, குத்துவிளக்கு, வெங்கலப் பானை எல்லாம் இருந்தது. கார்தான் முதல்லே இருந்தது. அதனாலே முதல்லே அதைத் தேய்ச்சோம்.

— வாலாம்பா! ஏ வாலாம்பா!

— அம்மாவைக் கூப்பிடாதீங்கோ. சீருக்குப் பருப்புத்தேங்காய்க் கூம்பு பிடிச்சிண்டிருக்கா. பாதியிலே எழுந்தா உதிர்ந்துடும்.

— என் மானம் உதிர்ந்துண்டிருக்குடி இங்கே!

— அம்மா, ஒண்ணு கேக்கட்டா? நீங்க தேய்ச்ச தேங்கா நாரு பழசா, புதுசா?

— புதுசுதான் மேஸ்திரி. பழைய நார் சீருக்கு ஆகாதுன்னு அம்மா சொல்லிட்டா.

— அதான் கதவுல இவ்வளவு ஆழம். பழசா இருந்தா பொழைச்சிருக்கும். செரி சாமி, இப்ப என்னைத் திட்டினதைத் திரும்ப எடுத்துக்கிடுங்க.

— எதை?

— திருட்டுப் பயலேங்கிறதை. மத்ததை விட்டுருதேன்.

— ஹெட் கிளார்க் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறதா? அதுக்கு ஃபாரமே கிடையாது.

— அப்ப நான் போறேன்.

— அப்பா, சொல்லிடுங்கோ. நாதஸ்வரக்காரா நாலு மணிக்கே வந்துடுவா.

— இந்த ஒரு தடவை... வாபஸ். போதுமா? வேலையைப் பாரு!

— போதும். காரை வேப்பமரத்து நெழலுக்குத் தள்ளணும். சூட்டுல தொட்டா பெயிண்டே ஒட்டிகிட்டு வந்துரும். ரெண்டு வாளி தண்ணி. முதல்ல இந்தச் சாம்பல் போகணும். பொறவு ஒரு மல் வேட்டி வேணும். நாப்பது அம்பது தடவை தோச்சு மெத்துன்னு ஆனது.

— மருதாணியை அலம்பிண்டு வந்துட்டேன். இந்தாங்கோ மேஸ்திரி. இது ரொம்ப மெத்துன்னு இருக்கு.

— அனந்தம், அது என்ன வேஷ்டி?

— உங்க கல்யாண வேஷ்டிப்பா.

— அதுலே காரைத் துடைக்கறதா?

— பெட்டியிலே வெறுதே கிடந்தது. இப்பவாவது ஒரு கல்யாணத்துக்கு உதவட்டுமே.

— கிழிச்சாச்சு சாமி. இனி பேசிப் பிரயோஜனம் இல்ல. இந்த மெருகுப் பசையைக் கடுகளவு வச்சு, இப்பிடி நேரா. அமுத்தக்கூடாது. கையோட கனமே போதும். எல்லாரும் அமுத்தினாத்தான் போகும்னு நெனைப்பாவ.

— இப்படித் தடவிண்டே இருந்தா பேரன் கல்யாணத்துக்குத்தான் ஆகும்.

— பேசாம நில்லுங்க. ... இப்ப வந்து பானட்டைப் பாருங்க. உங்க மூஞ்சி தெரியுதா?

— தெரியறது. ஆனா ரொம்பக் கோவமா இருக்கு.

— அது பெயிண்டோட குத்தம் இல்ல.

— சரி, இப்போ கதவு. கதவை ஏன் விட்டுட்டே?

— அதைத் தொடக்கூடாதுன்னு முன்னமே சொன்னேன்லா. மெழுகு போட்டு மறைச்சு விடுதேன். வேகமாப் போனா தெரியாது.

— வேகமாவா? ஜானவாசம்னா என்னன்னு தெரியுமா உனக்கு? ஒரு ராகம் முடியறவரைக்கும் ஒரே வாசல்லே நிக்கும். பி.ஏ. ஆனர்ஸ் கையை வச்சுண்டு உக்காரப்போற கதவு அது! கொடு அந்தத் துணியை.

— சாமி, வேண்டாம்.

— கொடுங்கறேன்! உன்னாலே முடியலேன்னா நான் எடுக்கறேன்.

— கதவு ஓரத்துல பெயிண்டு பப்படம் போல இருக்கும். அமுத்தாதீங்க. சாமி!

— போறது பார்! நன்னாப் போறது பார்! இவர் பெரிய நிபுணர், போகாதுன்னார்!

— கையை எடுங்க!

— போயிடுத்து! சொன்னேன் பாத்தயா? ... இது என்ன, பச்சையா இருக்கு?

— தொரையோட வண்டி பச்சையாக்கும்.

— கறுப்பு எங்கே?

— உங்க கல்யாண வேட்டியில இருக்கு.

— மூடு! எதையாவது அடிச்சு மூடுடா!

— அடிக்கலாம். காய நாளைக்குச் சாயங்காலம் ஆகும். ஈரத்துல உக்காந்தா மாப்பிள்ளையோட கோட்டு சரிகையும் கதவுல ஒட்டிரும்.

— வாழைக்கன்னு கட்டிடலாமே அப்பா. பச்சையோட பச்சை.

— சிரிக்கறயா? உனக்காகத்தானேடி ராப்பகலா அலையறேன்? எல்லாரும் சேர்ந்து என்னை நாசம் பண்ணியாச்சு. பத்தினி நாரை எடுத்துண்டு வந்தா. பொண்ணு சிரிக்கறா. இந்தப் பெயிண்டுக்காரன் வேடிக்கை பாக்கறான்!

— சாமி, இத்தோட நிறுத்திக்கிடுங்க. நாளைக்குச் சபையில ராஜையன் பச்சையாக்கிட்டான்னு எம்மேல பழி வரும். எனக்குத் தொழில்ல பேரு உண்டு. நான் வாறேன்.

— போ! போய்த் தொலை! ... ராஜையா, நில்லு. நில்லுப்பா. சொல்லிட்டேன், தெரியாமச் சொல்லிட்டேன். உன் பேர்லே ஒரு தப்பும் இல்லே. ஊர்லே யார் கேட்டாலும் நான்தான் தேய்ச்சேன்னு சொல்றேன். காரைப் பாத்துட்டு அவர் வெத்தலைத் தட்டைத் திருப்பி வச்சுட்டார்னா, இந்தத் தெருவிலே நான் எப்படி நடப்பேன்? இவளை எப்படிப் பாப்பேன்? நான் செத்த உக்காந்துக்கறேன்பா.

— உக்காருங்க சாமி. படியில உக்காருங்க. அம்மா, கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க.

— தண்ணி இருக்கட்டும். அப்பா, நான் ஒண்ணு சொல்றேன், கத்தக் கூடாது. கார் பழசுன்னு அவருக்குத் தெரியும்.

— யாருக்கு? சம்பந்திக்கா?

— சம்பந்திக்கு இல்லே. அவருக்கு.

— மாப்பிள்ளைக்கா? எந்தப் பாவி சொன்னான்?

— நான்தான். பத்து நாள் முன்னாடி லெட்டர் போட்டேன். கல்லாறு, தொரை, ஏழு வருஷம், எல்லாம் எழுதிட்டேன்.

— அடிப்பாவி! ஏண்டி? ஏன்?

— காலம் பூரா அவர் பக்கத்திலே அந்தக் கார்லே உக்காரப்போறது நான்தானே. ஒவ்வொரு தடவையும் புதுசு புதுசுன்னு முழிச்சுண்டு உக்கார என்னாலே ஆகாது.

— அம்மா சொல்லுதது நியாயமாக்கும்.

— நீ பேசாதே! பதில் வந்துதா? வேண்டாம்னு எழுதிட்டானா? சொல்லித் தொலையேண்டி!

— பதில் தபால்லே வரலை. காலம்பற அவர் தங்கை பூக்கூடையிலே ஒளிச்சு வச்சுக் கொண்டுவந்து கொடுத்தா.

— படி. சத்தமாப் படிக்காதே, எதிராத்துக்குக் கேக்கும். ஒரு வார்த்தை விடாம மெதுவாப் படி.

— 'அனந்தலக்ஷ்மிக்கு. மோட்டார் பழையது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. என் தகப்பனாருக்கு மட்டும் தெரிய வேண்டாம். நீ உள்ளதை எழுதியபின் நான் மறைப்பது அழகல்ல. பி.ஏ. பரீட்சையில் நான் மூன்று தடவையும் தேறவில்லை. இதை உன் தகப்பனாரிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.'