சாய்வில் எடுத்த அளவு

கேரட்டைச் சாய்த்து நறுக்கினால் துண்டு பெரிதாகத் தெரியும். கத்தி பிடித்த எவருக்கும் தெரிந்த சங்கதி. இதைக் கேட்கத்தான் விசாரணைக் கமிட்டி என்று என்னை மூன்று மணி நேரம் உட்கார வைத்திருக்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள்.

என் வேலை நடுமூளையை அளப்பது. ஸ்கேன் படத்தில் அதன் மேற்பரப்பிலிருந்து உள்ளே ஒரு கோடு இழுத்து, சதை எத்தனை மில்லிமீட்டர் தடிமன் என்று சொல்வேன். மண்டையைத் திறக்காமல் ஆழம் சொல்லும் இந்த முறை, இதற்கான அட்டவணை, எல்லாம் நான் உருவாக்கியது. ஆறு வருடம், முப்பத்தொன்பது தலைகள்; அளந்ததோடு சரி, யாருக்கும் ஊசி விட்டதில்லை. சொந்தத்தில் ஒரு நல்லது கெட்டதுக்குக்கூடப் போனதில்லை. உங்களில் யாராவது ஆறு வருடம் ஒரே காரியத்தைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறீர்களா?

நாற்பதாவது தலை என் அண்ணனுடையது. நடுமூளையின் மேல்பகுதியில் கட்டி. என்ன கட்டி என்று பார்க்க ஊசி விட்டுத் துளி சதை எடுக்க வேண்டும். நான் சொல்லும் தடிமனுக்குள் ஊசி நின்றால் பிழைத்தான். அதைத் தாண்டினால், மனிதனை விழித்திருக்க வைக்கும் இடம்.

படத்தில் ஐந்து மில்லிமீட்டர் வந்தது. ஸ்கேன் எடுக்கும் அம்மாள் முகத்தைச் சுளித்தாள்.

"சார், தலையணை ஒரு பக்கம் அமுங்கிப்போச்சு. தலை சாஞ்சிருக்கு. நேரா வச்சு இன்னொரு தடவை எடுத்துரலாம்."

"எத்தனை நாளா அமுங்கியிருக்கு?"

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான். நான் சொன்னா நீங்க எங்க கேக்குறீங்க?"

புரிகிறதா? சாய்ந்த படத்தில் கோடு நீளும். அண்ணனுக்குத் திருத்தினால் முப்பத்தொன்பது பேரின் அளவும் பொய், அட்டவணையும் பொய். அந்த மாதம்தான் மற்ற ஆஸ்பத்திரிகள் அதை ஏற்கவிருந்தன. ஒரு தலையணைக்காக ஆறு வருடத்தைக் குப்பையில் போட நான் என்ன கிறுக்கனா? "உங்க வேலையப் பாருங்க" என்றேன்.

ஊசி விடும் நாள் காலையில், கையெழுத்துப் போடும்முன் அண்ணி என்னைத் தேடினாள். "நீங்கதானே அளந்தீங்க தம்பி? அது போதும் எனக்கு."

அண்ணன் சிரித்தான். "டேய், உள்ள மூளை இருந்துச்சா? உங்க அண்ணி நம்ப மாட்டேங்குறா."

இருந்தது. நான்கு மில்லிமீட்டர் இருந்தது.

ஆமாம், நான்கு. முந்தின நாள் மதியம் அந்த அம்மாள் சாப்பிடப் போயிருந்தபோது, வேறு தலையணை வைத்து, அண்ணனை நேராகப் படுக்க வைத்து நானே எடுத்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு அழித்தேன். டாக்டருக்கு ஐந்து என்று எழுதிக் கொடுத்தேன். அவர் ஐந்து வரை விட்டார். அவர் மேல் தப்பில்லை, அவரை விட்டுவிடுங்கள்.

நான்கு மாதமாக அண்ணன் கண் திறக்கவில்லை. அண்ணி என் முகத்தில் விழிப்பதில்லை. வருத்தமில்லையா என்கிறீர்கள். இருக்கிறது, சாப்பாடு இறங்குவதில்லை. அதற்காகத் தலை குனிய மாட்டேன். பதினோரு ஆஸ்பத்திரிகளில் இன்று என் அட்டவணையைப் பார்த்துத்தான் ஊசி விடுகிறார்கள்.

அண்ணனிடம் முன்கூட்டியே கேட்டிருந்தால், "அஞ்சுன்னே எழுதுடா" என்று அவனே சொல்லியிருப்பான்.