எட்டடித் தகரம்

— "இந்தப் பாட்டு நடுவுல மட்டும் யாருப்பா தகர டின்ன தட்டறது?"ன்னு எம்பொண்ணு துர்கா நாலு வயசுல கேட்டுச்சிடா தென்னரசு. நாலு வயசுக் கொழந்தைக்குப் புரியுது. தன் பாட்டுல எது உசுருன்னு அந்த இங்கிலீஷ் பேண்டுக்காரனுக்குப் புரியல பாரு!

— சரி வுடு அரி. பெங்களூர்ல பஸ் ஏறினதுலேர்ந்து இதே பாட்டு. செஞ்சியே வந்துடிச்சி.

— எப்பிடி வுடறது? பதினாறு வருஷமா டேப்ல கேட்டுக்கினு கெடந்தோம். நேத்து கச்சேரிலதான் மொத தபா நேர்ல பாக்கறோம். அந்த எடம் வருது, நான் கையத் தூக்கிக்கினு நிக்கறேன். எட்டு அடி, டங்கு டங்குன்னு வுழணும். ஒண்ணியும் காணோம்! கிடாரு கொயகொயன்னு இழுத்துட்டு அடுத்த வரிக்குப் பூட்டான்.

— அறுவது வயசுல, மழைல நனைஞ்சிக்கினு ரெண்டு மணி நேரம் பாடினாரே, அதச் சொல்லு. மின்னாடி ஒரு பொண்ணு மயங்கினதும் பாட்ட நிறுத்திட்டுத் தண்ணி குடுத்தாரு, பாத்தியா?

— தண்ணி குடுக்கக் கொழா இருக்குதுடா! குரல எறக்கிட்டான். கல்யாண மண்டபம் மாதிரி கீபோர்டு வேற சேத்துக்கினான். கேட்டா, எங்க சவுண்டு வளந்துடிச்சின்னு பேட்டி. வளரல, ஊதிடிச்சி.

— வயசானா குரல் எறங்காதா? நேத்து தலைய ஆட்டிட்டு இன்னிக்கு உனக்குக் கழுத்து திரும்பல.

— அது வேற பேஜாரு. பக்கத்துல நின்ன பசங்களக் கேட்டேன், தகர அடி எங்கன்னு. சிரிக்கறானுங்கடா! எந்த ஆல்பத்துலயும் அப்பிடி ஒண்ணு இல்லியாம். எங்க அண்ணன் டேப்ல இருக்குதே!

— இருக்குது.

— வெற்றிச்செல்வன் அண்ணன் பாண்டில கடைல பதிஞ்சிக்கினு வந்தது. ஆக்சிடென்ட்ல அவன் போனப்புறம் எனக்குன்னு மிஞ்சினது அது ஒண்ணுதான். நாளைக்கே மெட்ராஸ் போயி அத இன்டர்நெட்ல ஏத்தறேன். உலகமே கேக்கட்டும்.

— ஏத்தாத அரி.

— ஏன்?

— ஜனம் இருக்குது. தீவனூர் தாண்டியாச்சி, திண்டிவனத்துல சொல்றேன்.

— திண்டிவனம், திண்டிவனம்! டீ குடிக்கறவங்க ஜல்தியா குடிச்சிட்டு வாங்க. ஏம்பா, திண்டிவனம் ரெண்டு டிக்கெட்டு, எறங்கலியா?

— எறங்கறோம் கண்டக்டரே, ஒரு நிமிஷம். எல்லாரும் போயிட்டாங்க. சொல்லுடா.

— கோச்சிக்காத. தொண்ணூத்தி மூணுல அந்த டேப்ப எனக்கு இரவல் குடுத்தியே, அண்ணன் போயி ரெண்டாவது மாசம். எங்க மாமா வூட்டு டேப் ரிக்கார்டர்ல போட்டேன். மொதப் பாட்டுலயே தூங்கிட்டேன். எழுந்து மறுபடி போட்டா அந்த எடத்துல பத்து செகண்டு ஊமையா இருக்குது. தூக்கத்துல செகப்பு ரிக்கார்டு பட்டன அமுக்கி அழிச்சிட்டேன் போல. செத்தவரு பொருளாச்சேடா. சேசுவே, ரெண்டு நாளு சோறு எறங்கல. அங்க என்னா இருந்துதுன்னு கூடத் தெரியாது. எங்கம்மா கேப்பை மாவு வச்சிருந்த டின்ன கவுத்துப் போட்டு, கரண்டியால அடிச்சி, நானே பதிஞ்சேன். அது பேண்டு இல்ல அரி. நான்.

— கண்டக்டர் மொறைக்கறாரு. பையத் தூக்கு.

— திட்டிடு. பேச்ச மாத்தாத.

— தெரியும்.

— என்னாது?

— நீ திருப்பிக் குடுத்த அன்னிக்கே தெரியும். எட்டாவது அடில காத வச்சிக் கேளு. "மாவெல்லாம் தரையில கொட்டிட்டியேடா பாவி"ன்னு சவுரியம்மா கத்தறது வுழும். எந்த இங்கிலீஷ்காரன் பாட்டுலடா உங்கம்மா வருவாங்க?

— அடப்பாவி! அப்ப அந்த பேண்டுலயே அதுதான் பெஸ்ட்டுன்னு பதினாறு வருஷமா ஊரெல்லாம் சண்ட போட்டது? நேத்து கூடக் கையத் தூக்கிக்கினு நின்னியே!

— வேற எப்பிடிடா உன்னப் பாராட்டறது? நீதான் வாயத் தொறக்க மாட்டேன்றியே. ஒரு தபா "அது நான்தான்"னு சொல்லித் தொலச்சிருந்தா, நானும் சொல்லியிருப்பேன்.

— நீ என்னா சொல்லப் போற?

— அந்த டேப்ல எங்கனா அண்ணன் குரல் இருக்குமான்னு தேடிக்கினு இருந்தேன். கை தவறிச் செகப்பு பட்டன அமுக்கினது நீ இல்லடா, நான். எங்கப்பா கேட்டா உம்பேரச் சொல்லலாம்னுதான், மறுநாளே அத உனக்கு இரவல் குடுத்தேன்.