இழுத்துப் பாருங்க சார்

அத்தத்தான் சார் நானும் கேக்குறேன், ஒரு பொருள லூசுன்னு சொல்றதுக்கு முன்னாடி செத்த யோசிக்க வாணாமா? படிச்ச பொண்ணு, வெள்ள கோட்டு போட்டுக்கிட்டு நிக்குது, 'அண்ணா, கிளிப்பு லூசா இருக்கு, எடுத்துட்டுப் போயிடுங்க'ங்குது. லூசாம்! எங்கிட்டயே! சிதம்பரம் டவுன்ல எவன் வூட்ல வெளக்கு மினுக்குனாலும் மொதல்ல போன் வர்றது எனக்குத்தான் சார். வயர்மேன் அருள்முருகன்னு கீழ வீதில கேட்டுப் பாருங்க... ம்? இல்ல இல்ல, பைய மடியில வெச்சிக்கிறேன், நீங்க தாராளமா ஒக்காருங்க. சன்னலோரம் வேணுமா? வாணாமா? சரி. கடலூரு வரைக்குமா? நல்லதாப் போச்சி. நானு சிப்காட்டுல எறங்கிடுவேன். அதுவரைக்கும் பேச்சுத் தொணைக்கி ஆச்சி.

எந்த கிளிப்புன்னு சொல்லவே இல்ல பாருங்க, எப்பவும் நடுவுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். துணி காயப்போடுற கிளிப்பு இல்ல சார். போரு மோட்டாருக்கு ஸ்டார்ட்டர் பொட்டி இருக்குல்ல, அதுக்குள்ள வயரு போயி மாட்டுற எடம். இருங்க, ஒண்ணு பிரிக்கிறேன். எங்க மச்சான் ஒவ்வொண்ணையும் ஒரு கவர்ல போட்டு பின்னு அடிச்சி வெச்சிருக்காரு, அவருக்கு எதெடுத்தாலும் பின்னு அடிக்கணும். தோ, இந்த தட்டையா நீட்டிக்கிட்டு இருக்குறது நாக்கு. இது பொட்டியோட நெலையா நிக்கும். இந்த பித்தளத் தகட்ட மடிச்சி செஞ்சிருக்குறது கிளிப்பு. இது வயரு முனையில இருக்கும். கிளிப்பு போயி நாக்க கவ்வணும், அவ்ளோதான் வேல. மாட்டுறேன் பாருங்க... டக்! கேட்டுச்சா? இப்ப இழுங்க. சும்மா இழுங்க சார், இதுல கரண்டா ஓடுது? ...ஆங், நல்லா புடிச்சி... பாத்தீங்களா! மொகம் செவந்து போச்சி உங்களுக்கு! இத்தப் போயி லூசுன்னா வயிறு எரியுமா எரியாதா?

நானு ஏன் இதுல வந்து மாட்டுனேன்னா, குமராட்சி பக்கம் போயி பாருங்க, எந்த மோட்டாரு கொட்டாயில நொழஞ்சாலும் ஸ்டார்ட்டரு பொட்டி கருகிப் போயி நிக்கும். எல்லாம் இந்த கிளிப்பால. லூசாச்சின்னா சூடாவும், சூடாச்சின்னா இன்னும் லூசாவும், கடசில பொகை. நட்ட பயிரு தண்ணியில்லாம காயும், திட்டு மட்டும் வயர்மேனுக்கு. நா செஞ்ச கிளிப்பா அது? கடையில விக்கிற கிளிப்பு! ஒருநாளு ஆத்தரம் ஜாஸ்தியாயிடுச்சி. கவ்வுனா வுடாத கிளிப்பு ஒண்ண நாமளே செஞ்சா என்னன்னு தோணிச்சி. எங்க வூட்டம்மா அமிர்தத்தோட அண்ணன், கண்ணாயிரம்னு பேரு, பண்ருட்டில பிரஸ்ஸு வெச்சிருக்காரு. முந்திரிக்கொட்ட ஒடைக்கிற மிசினுக்கு பிளேடு அடிச்சிக் குடுப்பாரு. மச்சான், தகடு உங்களுது, டிசைனு என்னுதுன்னேன். பாவம், சரின்னுட்டாரு.

டிசைனுன்னா லேசுன்னு நெனச்சிடாதீங்க சார். தடியா தகடு எடுத்தா வளைய மாட்டேங்குது, மொறச்சிக்கிட்டு நிக்குது. மெல்லிசா எடுத்தா மொத தடவயே வாயப் பொளந்துடுது. அப்புறம் தகடுக்கு ஓட்டம்னு ஒண்ணு இருக்கு, உருளையில வுட்டு நீட்டுறாங்கல்ல, அந்த வாட்டம். அதுக்கு நெட்டுக்க மடிச்சா ஓரம் விரிசல் வுடுது, குறுக்க மடிச்சாத்தான் நிக்குது. இது தெரியறதுக்குள்ள மச்சான் கொட்டாயில பித்தள குப்ப மலையாட்டம் சேந்துடுச்சி. அப்புறம் ரெண்டு ஓரத்தையும் உள்ளாற சுருட்டுனேன். கவ்வுச்சி! கவ்வுச்சின்னா அப்பிடி ஒரு கவ்வு, மாட்டவே முடியல! அமிர்தம் அமுக்கிப் பாத்தா, வளையலு ஒடஞ்சிடுச்சி. மச்சான் கொறடால புடிச்சி இழுத்தாரு, நாக்கே பிஞ்சி கையோட வந்துடுச்சி. நா சந்தோசத்துல கைதட்டுறேன், அவரு, 'மாப்ள, சிப்காட்டுல ஸ்டார்ட்டரு செய்யிற கம்பெனில பொம்பளப் புள்ளைங்க நாள்பூரா பெருவெரலால அமுக்கி மாட்டணும், இத்த மாட்டுனா வெரலு மிஞ்சாது'ங்குறாரு. அதாவது மாட்டறது லேசா இருக்கணும், கழட்டறது கஷ்டமா இருக்கணும். நம்ம சொந்தக்காரங்க வூட்டுக்கு வர்ற மாரி, வர்றது லேசு, கெளம்பறதுதான் கஷ்டம்னேன். எந்த சொந்தக்காரங்கன்னு மச்சான் கேட்டாரு.

வெள்ளாத்துப் பாலம் வந்துடுச்சா? பரவால்ல, இந்த டிரைவரு நல்லா ஓட்டுறாரு. ஆங், அந்த ஐடியா எங்கேர்ந்து வந்துச்சி தெரியுமா? சைடு பின்னு சார்! பொம்பளைங்க தலையில குத்துறது. ஒரு காலு நேரா இருக்கும், ஒரு காலு நெளிநெளியா இருக்கும். முடிக்குள்ள சுளுவா போவுது, போன அப்புறம் நவுர மாட்டேங்குது. ஒரு கல்யாணத்துக்கு கெளம்பி நிக்கிறா அமிர்தம், அவ தலையிலேர்ந்து எல்லாத்தையும் உருவிட்டேன். அவுந்த முடியோட அவ கத்துறா, நா பின்ன வளச்சி வளச்சி பாக்குறேன். தோ, கிளிப்பு அடியில தடவிப் பாருங்க, ஒரு நெளி தட்டுப்படுதா? அதுமேல சின்னதா ஒரு குமிழு. நாக்குல ஓட்ட இருக்கு, குமிழு அதுல வந்து ஒக்காந்துக்கும். டக்குன்னு சத்தம் வருதே, அதான். கல்யாணத்துக்கு அவ மட்டும் தனியா போயிட்டு வந்தா. இன்னொரு தடவ மாட்டுறேன், இழுங்க... ம், பரவால்ல, பழகிட்டீங்க, மொதல்ல மாரி மூச்சு வாங்கல. அவ்ளோ அவசரமா குடுக்காதீங்க, இன்னொரு தடவ.

என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? லூசு. மொத சேம்பிளு கம்பெனிக்கு கொண்டு போறதுக்கு மொத நாளு குமராட்சில ஒரு சாவு. அமிர்தத்துக்கு பெரியப்பா மொற, காத்தவராயன்னு, நல்ல மனுசன், வயசாயி போனாரு. ப்ரீசர் பொட்டியில வெச்சிருக்காங்க. ராகம் போட்டு அழுதுக்கிட்டு இருக்குறப்ப பொட்டி நின்னுப் போச்சி. தொறந்து பாக்குறேன், லூஸ் கனெக்சன்! பையில எஞ் சேம்பிளு இருக்கு. வுடுவனா? மாட்டுனேன், பொட்டி ஓட ஆரம்பிச்சிடுச்சி. அழுதுக்கிட்டு இருந்த சனம் அழுவைய நிறுத்திட்டு என்னயே பாக்குது. என்னப்பா அதுன்னு ஒருத்தரு கேட்டாரு. கேட்டா சொல்லணுமில்ல? கழட்டிக் காட்டுனேன். இன்னொருத்தரு கேட்டாரு. கொள்ளி வெக்க வேண்டிய மூத்த மவன், அவரும் கண்ண தொடச்சிக்கிட்டு வந்து இழுத்துப் பாத்தாரு. அசந்துட்டாரு சார்! ஒவ்வொருத்தருக்கும் பொட்டிய நிறுத்தி நிறுத்தி காட்ட வேண்டியதாப் போச்சி. அமிர்தம் வந்து, 'பெரியப்பா தாங்க மாட்டாரு, இப்பிடி வாங்க'ன்னு கையப் புடிச்சி இழுத்தா. அந்த சேம்பிளத்தான் மறுநாளு நல்லா தொடச்சி கம்பெனிக்கு கொண்டு போனேன்.

கம்பெனில வெண்மதி மேடம்னு, திட்டக்குடி பொண்ணு, அந்த வெள்ள கோட்டு, அதுதான் பாத்து பாஸ் பண்ணணும். புடி எவ்ளோன்னு முள்ளு காட்டுற மிசினு ஒண்ணு வெச்சிருக்கு, அதுல மாட்டி இழுத்துச்சி. முள்ளு எழுந்திரிக்கவே இல்ல சார்! 'அண்ணா, இது புதுசா?'ங்குது. புதுசுதாம்மான்னேன். 'எத்தினி தடவ மாட்டி கழட்டுனீங்க?'ங்குது. மாட்டவே இல்லம்மா, சும்மா நாலு பேருக்கு காட்டுனேன்னேன். நியாயம்தான? காட்டுறதெல்லாம் ஒரு கணக்கா? அதுக்கு சொல்லுது, கழட்டக் கழட்ட தகடோட வாயி விரியுமாம், புடி கொறயுமாம், மொத தடவ மாட்டி இழுக்குறது இங்க மிசினுலதான் நடக்கணுமாம், அடுத்த தடவ யாரும் தொடாம கொண்டாங்கன்னுடுச்சி. நா பெத்த புள்ளய நானே தொடக்கூடாதாம்! வூட்டுக்கு வந்து மச்சான்கிட்ட சொல்லி பொலம்புனேன். அவரு உள்ள போயி பின்னு அடிக்கிற மிசின எடுத்தாந்தாரு.

இன்னிக்கி தேறலன்னா அவ்ளோதான் சார், ஆர்டரு கோயம்புத்தூர்காரனுக்கு போயிடும். மேடம் வெளிப்படையாவே சொல்லிடுச்சி, இதான் கடசின்னு. மச்சானுக்கு என்ன, பழயபடி முந்திரிக்கொட்ட பிளேடு அடிக்கப் போயிடுவாரு. நானு? இந்த கிளிப்ப நம்பி வயரிங் வேலைய எல்லாம் வாணாம்னுட்டேன். இப்ப கல்யாணப் பந்தல்ல போயி சீரியல் செட்டு கட்டணும். எல்லாரும் கேப்பாங்க, என்ன அருளு, கிளிப்பு என்னாச்சின்னு. கேக்காம வுடுவாங்களா? ஊரு முழுக்க காட்டி வெச்சிருக்கேனே. உள்ளத சொல்றேன் சார், ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. அதனாலதான் யாராச்சும் இழுத்துப் பாத்து, ஆமாப்பா நல்லா புடிக்குதுன்னு சொன்னா கொஞ்சம் தெம்பா இருக்கு. இழுங்க சார், இன்னொரு தடவ... என்ன சார், ரெண்டு வெரலால எடுத்துட்டீங்க? ஜிம்முக்கு போறீங்களா?

இல்லியா? இருங்க, நா மாட்டுறேன். டக்குன்னு சத்தம் வல்லியே. பஸ்ஸு எறைச்சலு. சரி, தலகீழா புடிப்போம், நாக்கு மேல, கிளிப்பு கீழ... அய்ய! தானா வுழுந்துடுச்சி! எங்க போச்சி? உங்க காலுகிட்ட பாருங்க... ஆங், குடுங்க. இல்ல சார், காலையில இது இப்பிடி இல்ல. அதாவது இது இல்ல, இது உங்களுக்காக பிரிச்சது. காலையில டீக்கடையில பிரிச்சது தோ இந்த சட்டப் பையில இருக்கு. இத்த மாட்டிப் பாப்போம்... இதுவும் தொளதொளங்குது. பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பருக்கு காட்டுனது... அதுவும். இந்த கண்டக்டருக்கு டிக்கெட்டு எடுக்கறப்ப காட்டுனது... சார், எல்லாமே லூசா இருக்கு சார்!

அந்தப் பொண்ணு சொன்னது சரிதானோ? காட்டுறதும் கணக்குதானோ? அய்யய்யோ. இருங்க, பைய பாக்குறேன். கவரு... கவரு... தோ! ஒண்ணு இருக்கு. பிரிக்காம ஒண்ணு இருக்கு சார்! மச்சான் இதுக்கு மட்டும் சுத்தி சுத்தி பின்னு அடிச்சிருக்காரு பாருங்க, என்ன நல்லா தெரிஞ்ச மனுசன். இது ஒண்ணு போதும். மிசினுல ஒண்ணு மாட்டி இழுத்து தேறிடுச்சின்னா போதும்னு அந்தப் பொண்ணே சொல்லிச்சி. இனிமே தொடமாட்டேன். சாமி சத்தியமா இத்த யாருக்கும்... எங்க சார் எழுந்துட்டீங்க? ஆலப்பாக்கம்தான வருது? கடலூருன்னு சொன்னீங்களே! ஓ, இங்க ஒரு வேல ஞாபகம் வந்துடுச்சா? சரி சரி, பாத்து எறங்குங்க. உங்க போன் நம்பரு... போயிட்டாரு. நல்ல மனுசன். பொறுமையா கேட்டாரு.

வாங்கண்ணே, காலிதான், ஒக்காருங்க. ...இதுங்களா? ஒண்ணுமில்லண்ணே. சும்மா, கிளிப்பு. மோட்டாரு ஸ்டார்ட்டருக்கு மாட்டுறது. ...ஆமா, நா செஞ்சதுதான். ...அய்ய, அத்த ஏன் மாட்டிப் பாக்குறீங்க, வுழுந்துடுச்சி பாருங்க, குடுங்க இப்பிடி. ...என்னாது? அண்ணே, அது லூசு இல்லண்ணே. அது பல பேரு இழுத்து இழுத்து அப்பிடி ஆயிடுச்சி. ...சிரிக்காதீங்கண்ணே. ...கோயம்புத்தூரு கிளிப்பு இதுக்கு தேவலாமா? உங்க போருல அதான் போட்டிருக்கீங்களா? அது கருகலியா? ...கருகலியாம்! ...அண்ணே, நீங்க பாத்தது என் கிளிப்பே இல்ல. என் கிளிப்பு இந்த கவருக்குள்ள இருக்கு. ...இல்ல, பிரிக்க மாட்டேன். கம்பெனிக்கு கொண்டு போறேன். ...'இருந்தாத்தான பிரிப்ப'ங்குறீங்களா? இருக்குண்ணே! உள்ள தெரியுது பாருங்க! ...அதுவும் அப்பிடித்தான் இருக்குமா?

அண்ணே, எத்த வேணும்னாலும் சொல்லுங்க, அத்த மட்டும் சொல்லாதீங்க. இப்பிடியே நெனச்சிக்கிட்டு நீங்க எறங்கிப் போனா எனக்கு சோறு எறங்காது. ஊருல போயி சொல்லுவீங்க, பஸ்ஸுல ஒருத்தன் லூசு கிளிப்ப வெச்சிக்கிட்டு ஒக்காந்திருந்தான்னு. கம்பெனி என்னா பெரிய கம்பெனி! இருங்க... மச்சான் பின்னு இருக்கே, பல்லால கடிச்சாத்தான்... ஆங், வந்துடுச்சி. நல்லா பாத்துக்குங்க. மாட்டுறேன்... டக்! கேட்டுச்சா? இழுங்க. ...இழுங்கண்ணே, பயப்படாம. ...வரல! வரலல்ல? நா சொல்லல? இப்ப சொல்லுங்க, யாருது லூசு? ...கண்டக்டரு, என்னப்பா விசிலு அடிக்கிற, சிப்காட்டா? தோ எறங்குறேன், செத்த இரு... அண்ணே, அப்பிடி இல்ல, ரெண்டு கையாலயும் புடிச்சி, இன்னும் ஒரே ஒரு தடவ இழுங்க!