ஒரு வலியும் இல்லாத மாவட்டம்

மகுடேஸ்வரன்: மறுபடியுங்க ராமரு. நாந்தான் பட்டாளத்து வைத்திய நிதி ஆபீசருன்னு வெச்சுக்குங்க. "முட்டி எப்படி இருக்குது?"

ராமர்: நல்லா இருக்குது சார்!

மகுடேஸ்வரன்: அட... வலிக்குதுன்னு சொல்லோணுமுங்க!

ராமர்: வாய் வரமாட்டீங்குதுங்க தலைவரே. பட்டாளத்துல இருபத்தோரு வருசம் "ஃபிட் சார்"னு சொன்ன வாயி...

மகுடேஸ்வரன்: அப்படிச் சொல்லித்தான் நம்ம சங்கம் கெட்டுது. போன வருசம் ஜில்லாவாரியா முன்னாள் பட்டாளத்தாரோட முட்டிவலியைக் கணக்கெடுத்தாங்க. பக்கத்து ஜில்லாவுல நானூறு. நம்ம திருப்பூருல...

ராமர்: எத்தனைங்க?

மகுடேஸ்வரன்: ஒண்ணு. அதுவும் ஆபீசரைக் கூட்டியாந்த டிரைவருக்கு.

ராமர்: பெருமையா இருக்குதுங்க.

மகுடேஸ்வரன்: பெருமையா! புதன்கிழமையானா நம்ம பெருமாநல்லூருக்கு வந்துட்டிருந்த எலும்பு டாக்டரைப் பக்கத்து ஜில்லாவுக்கு மாத்திப்புட்டாங்க. நோவு எங்கியோ, பணம் அங்கியாம்.

ராமர்: நியாயந்தானுங்களே.

மகுடேஸ்வரன்: நியாயந்தான்... அதான் சண்டை போடவும் முடியல. பதினொரு மணிக்கு ஆபீசரு மறுபடி கணக்கெடுக்க வராரு. இன்னைக்கும் நல்லாருக்கோம்னா மாத்திரைப் பணமும் போயிரும். சொல்லுங்க, முட்டி?

ராமர்: ...லேசா.

மகுடேஸ்வரன்: லேசாவா! நேத்து கம்பெனியில லாரிக்குக் கேட்டைத் தொறக்க எந்திரிச்சீங்க. நீங்க நிமுர்றதுக்குள்ள டிரைவரே எறங்கித் தொறந்து, உள்ள போயி, லோடு எறக்கிட்டுத் திரும்பீட்டான்.

ராமர்: பாத்துட்டீங்களா! அதுக்குத்தானுங்க பயமே...

மகுடேஸ்வரன்: என்ன பயம்?

ராமர்: சங்கத் தலைவரும் நீங்க, எங்களக் கேட்டுல நிறுத்தற செக்யூரிட்டி ஏஜென்சியும் உங்களுது. வலின்னு சொன்னா நாளைக்கே யூனிபார்மைக் கழட்டச் சொல்லிட்டா? சங்கத்து ஆளுக அறுபது பேருக்கும் இதே பயந்தானுங்க.

மகுடேஸ்வரன்: ஏனுங்க... கேட்டுக்கு ஒரு சேர் போட்டாத் தீந்துது. யாரு வேலையும் போகாது. போதுமா?

ராமர்: அப்பச் சரிங்க. ரெண்டு முட்டியும் போச்சு. எடது ரொம்ப மோசம். இடுப்பு புடிச்சுக்கிட்டு மூணு வருசம். பொங்கியண்ணனுக்குக் கழுத்து...

மகுடேஸ்வரன்: மெதுவா, மெதுவா! திரும்பி வரப்போற டாக்டரும் ஓடிருவாரு.

ராமர்: ஒண்ணு கேக்கட்டுங்களா? போன வருசம் நாங்க வாயே தொறக்கலீங்க. அப்பறம் எல்லாரும் நல்லாருக்கோம்னு ஆபீசருகிட்டச் சொன்னது யாருங்க?

மகுடேஸ்வரன்: நாந்தானுங்க... நீங்க காவல் நிக்கற பனியன் கம்பெனி மொதலாளி பக்கத்துல நின்னாரு. ஆளுக நோஞ்சான்னு தெரிஞ்சா கான்ட்ராக்ட் போயிருமேன்னு... வெறப்பா ஒரு சல்யூட்டும் அடிச்சுட்டேன். அன்னைக்குப் புடிச்ச தோள்பட்டைங்க... டாக்டரு வந்தா மொதல் சீட்டு எனக்குங்க.