நல்லா சாப்பிடறார், நல்லா தூங்கறார்

ஓவியா நல்ல பெண். முதலில் அதை எழுதிக்கொள்ளுங்கள் சார். அந்த நர்ஸ் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் அடி அண்ணாமலையிலிருந்து பஸ் ஏறி உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன்.

என் வீட்டுக்காரர் பரசுராமனுக்குக் குடலில் புற்றுநோய். இங்கே மருந்து ஏற்றி, சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். அதற்கப்புறம் தினமும் காலையில், நான் பால் காய்ச்சும் நேரம் பார்த்து ஓவியா போன் பண்ணுவாள்.

“ஆராயிம்மா, ஐயாவுக்கு ஜுரம் இருக்கா? வாய்ப்புண்ணு? ஜுரத்த மட்டும் அசால்ட்டா விட்டுடாதீங்க. இந்த மருந்துக்கு உடம்புல எதிர்ப்பு சக்தி கம்மியாயிடும். ஜுரம்னா உடனே கூட்டிட்டு வந்துடணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்து.”

அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்கும் தெளிவாகத்தான் புரிந்தது.

மூன்றாவது தடவை மருந்து ஏற்றி வந்த பிறகு அவருக்கு உடம்பு கொதித்தது. நீங்கள் கொடுத்த தெர்மாமீட்டரை வைத்தும் பார்த்தேன். எனக்கு எண் படிக்கத் தெரியும். போன் வந்தது.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லா சாப்பிடறார், நல்லா தூங்கறார்.”

“ஐயாகிட்ட போனைக் குடுங்களேன், ஒரு வார்த்தை பேசறேன்.”

“இப்பதான் கண்ணு அசந்தாரு.”

அவர் அசரவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயெல்லாம் புண், பேச்சு வரவில்லை. போனுக்காகக் கையை நீட்டினார். அந்தக் கையைப் பிடித்துப் போர்வைக்குள் வைத்தேன்.

“சூப்பரும்மா. எல்லாரும் உங்கள மாதிரி பார்த்துக்கிட்டா எங்களுக்கு வேலையே இல்ல” என்று சிரித்தாள்.

பார்த்துக்கொண்டேன்தான் சார். கஞ்சியை ஆற வைத்துத்தான் ஊட்டினேன். மறுநாளும் ஓவியாவுக்கு அதே பதில் சொன்னேன். அதற்கும் மறுநாள் பௌர்ணமி. வாசலில் கிரிவலக் கூட்டம் போய்க்கொண்டிருக்கும்போது அவருக்கு மூச்சு நின்றது.

அந்தப் பதில் என் சொந்தப் பதில் இல்லை. எங்கள் மகள் மதிவதனி மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போனவள். அவன் விட்டுவிட்டு ஓடியபின் வயிற்றுப் பிள்ளையோடு வந்தாள். மானம் போய்விடும் என்று அவளை உள்ளறையில் வைத்துப் பூட்டாத குறையாக மறைத்தார் இவர். பிள்ளை செத்துப் பிறந்தது. அவளுக்கு ஜுரம் கண்டது. எப்படியோ கேள்விப்பட்டு ஊர் நர்ஸம்மா வாசலுக்கே வந்துவிட்டார்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. நல்லா சாப்பிடறா, நல்லா தூங்கறா.”

நின்ற நிலையிலேயே சொல்லி அனுப்பிவிட்டு, இவர் கழனிக்குப் போனார். என் மகளும் அப்போது தூங்கவில்லை. அன்று ராத்திரியே அவள் உயிர் போய்விட்டது.

அதனால் அவரைக் கொன்றது நான் என்று எழுதுங்கள். பொய் சொன்னேன் என்று மட்டும் எழுத வேண்டாம். அவர் வார்த்தையை அவருக்கே திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

“அப்ப நீங்க எங்கம்மா இருந்தீங்க?” என்கிறீர்கள்.

உள்ளேதான், மகள் பக்கத்தில். என் புடவையைப் பிடித்து இழுத்தாள். “போய்ச் சொல்லும்மா” என்றாள்.

“பின்ன ஏம்மா சொல்லல?”

அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் சார். எங்கள் வீட்டில் பதில் சொல்வது அவர்தான்.